அட்டை நிறைந்திருக்கிறது, படுக்கைப் புண் மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: மாவட்டத் தலைநகர் மருத்துவமனை ஒன்றில் 34 படுக்கைகள் கொண்ட ஆண்கள் பொது மருத்துவ வார்டின் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணியில் இரண்டு பேர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்ப வேண்டும் என்று அட்டை மாட்டியிருக்கிறோம், அது ஒழுங்காக நிரப்பப்படுகிறது. ஆனாலும் கடந்த மூன்று மாதங்களில் 7 பேருக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. நான்கு பேருக்கு இடுப்பின் பின்புறம், இரண்டு பேருக்குக் குதிகால், ஒருவருக்கு, மூக்கு வழியே உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் அழுத்திய மூக்கு ஓரம். பம்ப்பால் காற்று ஏறி இறங்கும் மெத்தையான ஏர்பெட் 5 இருக்கின்றன, இரண்டில் பம்ப் ஓடவில்லை. இப்போது எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. தவறு எங்கே நடக்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரி, மெமோவுக்குப் பதில் எழுத உட்காரும் முன் அந்த 7 பேரின் கேஸ் ஷீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புண் கண்ணில் பட்ட தேதியிலிருந்து இரண்டு, மூன்று நாள் பின்னால் போய், அந்த நேரத்தில் நோயாளி எங்கே, எதன் மேல் படுத்திருந்தார் என்று பாருங்கள். ஆழத்தில் தசை நசுங்கினால் அது மேல் தோலில் கருநீலமாகத் தெரிய பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகும். பக்கவாதம் வந்தவர் வீட்டுத் தரையில் விழுந்து கிடந்த நேரம், ஆம்புலன்ஸ், கேஷுவாலிட்டியில் மெல்லிய ரெக்சின் போட்ட ஸ்ட்ரெச்சர், ஸ்கேன் மேசை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். வார்டுக்கு வந்த இரண்டாம் நாள் அப்படிக் கருநீலமாகத் தெரிந்த புண் வார்டில் உண்டானதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வந்த அன்றே முதுகைத் திருப்பிப் பார்த்து எழுதி வைக்காவிட்டால் அது உங்கள் வார்டின் புண்ணாகத்தான் எண்ணப்படும்.

அதனால் முதல் மாற்றம் சேர்க்கையின்போது. வந்து 8 மணி நேரத்துக்குள் தலையின் பின்புறம், காது மடல், தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின்புறம், இரு பக்க இடுப்பு எலும்பு, கணுக்கால், குதிகால் அனைத்தையும் பார்த்து எழுத வேண்டும். அழுத்தினால் வெளுக்காத சிவப்பைத் தேடு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நம் நிறத் தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியவே தெரியாது. புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, விரலுக்குக் கட்டியாகவோ கொழகொழப்பாகவோ படுகிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். பளபளப்பும், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்த திட்டும் சந்தேகத்துக்கு உரியவை. டியூப் லைட் போதாது, டார்ச் வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளின் இடுப்பையும் குதிகாலையும் மட்டுமாவது பாருங்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு பேர் கண்ணால் கண்டு கையெழுத்திட்டது என்றால் பிறகு யார் மேலும் பழி விழாது.

இனி அட்டைக்கு வருவோம். இரண்டு மணி நேரக் கணக்கு பழையது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பியே ஆக வேண்டும் என்று நின்றவர். அந்தப் பழக்கம் எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் உங்கள் இரவுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். 34 பேரில் 9 பேர் தானாகப் புரள முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை ஒழுங்காகத் திருப்ப இரண்டு பேருக்கு 4 நிமிடம். ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். 12 மணி நேர இரவில் 6 சுற்று என்றால் 216 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இரண்டு செவிலியரின் நான்கு கைகளும் இதிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டும். ஊசி, டிரிப், புதிய சேர்க்கை, மூச்சுத் திணறல் எல்லாம் எந்த நேரத்தில் நடக்கும்? நடக்காத வேலை அட்டையில் மட்டும் நடக்கிறது. காலை 6 மணிக்கு ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிறைகிறது. இதைச் சொல்வது உங்கள் செவிலியர்களைக் குறை சொல்ல அல்ல. செய்ய முடியாத கட்டளையைச் சுவரில் மாட்டினால் பொய்க் கணக்குத்தான் விளையும்.

எல்லோரையும் ஒரே கணக்கில் திருப்ப வேண்டியதில்லை. படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் பிரேடன் அளவுகோலை நீங்கள் படித்திருப்பீர்கள்: உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், உணவு, உராய்வும் சறுக்கலும் என ஆறு தலைப்புகள், மொத்தம் 6 முதல் 23 வரை. 18ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து தொடங்குகிறது, 12ம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து, 9ம் அதற்குக் கீழும் மிக அதிகம். மொத்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். மொத்தம் 16 வாங்கியவர் உராய்வில் 1 வாங்கியிருந்தால், அவர் படுக்கையில் சறுக்கிக்கொண்டே இருக்கிறார் என்று பொருள்; அவருக்கு வேண்டியது அதற்கான சிகிச்சை. உணர்வு என்ற தலைப்பை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அழுந்துவதுதான் என்பதை நம் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். பக்கவாதத்தில் மரத்துப்போன பக்கத்துக்கும், சர்க்கரை நோயாளியின் குதிகாலுக்கும் அதே விதிதான்.

அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்த முதியோரிடம், 2, 3, 4 மணி என்று மூன்று இடைவெளிகளை ஒப்பிட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. மூன்றுக்கும் புண் வரும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோய் முற்றி வார்டில் கிடப்பவர்களுக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. மிக அதிக ஆபத்துள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை. இருந்தாலும் ஒரு வழி பிறக்கிறது. பிரேடன் மதிப்பெண் 9ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும் தேங்காய் நார் மெத்தையில் கிடப்பவர்களுக்கும் 2 மணி. நல்ல ஃபோம் மெத்தையில் 10 முதல் 14 வரை உள்ளவர்களுக்கு 3 அல்லது 4 மணி, தோல் மாறினால் உடனே 2 மணிக்கு இறக்கம். இதை மருத்துவரே கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதினால், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டியவர்கள் 9 பேரிலிருந்து 3 அல்லது 4 பேராகக் குறையலாம், அந்த நாலு பேரை நிஜமாகவே திருப்ப முடியும்.

திருப்பும் முறையில் பிழை இருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் பலனில்லை. முழுப் பக்கவாட்டில் 90 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பின் முனையில் மொத்த எடையும் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். வலப்பக்கம் திருப்புவதாக இருந்தால், தலைப்பகுதியைத் தட்டையாக இறக்கிவிட்டு, தோளிலிருந்து தொடை வரை விரித்த டிரா ஷீட்டின் இரு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, தூக்கி முதலில் கட்டிலின் இடப்பக்கமாக நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகரும். இடது முழங்காலை மடக்கி, இடது கையை மார்பின் மேல் வைத்துத் திருப்புங்கள். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒன்று. குதிகால் காற்றில் நிற்க வேண்டும், முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். கடைசியாக உங்கள் கையை இடுப்பின் பின்புறத்தின் அடியில் விடுங்கள். எலும்பு மெத்தையைத் தொடாமல் இருந்தால்தான் திருப்பியது திருப்பியது. பக்கவாதமுள்ள பக்கத்துத் தோளைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், மூட்டு நழுவிவிடும். எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் வார்டில் செய்து காட்டட்டும். போகும் முன் உடலுக்கு அடியில் கதீட்டர் குழாய், ஊசி மூடி, ஒயர் கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இதற்கு ஒருவருக்கு 3 தலையணை வேண்டும், தலைக்கு வைப்பதோடு 4. ஒன்பது பேருக்கு 36. உங்கள் வார்டில் எத்தனை இருக்கின்றன? திருப்பாததற்குப் பின்னால் பல இடங்களில் இந்தச் சின்னக் காரணம் நிற்கிறது. பழைய போர்வையைச் சுருட்டி உறை போட்டாலும் வேலை நடக்கும்; கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் பொருள் இதுதான்.

உங்கள் நான்கு இடுப்புப் புண்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன்: ரைல்ஸ் டியூப் ஃபீடிங். புரையேறாமல் இருக்க ஃபீடிங் நேரத்திலும் அதன் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரமும் தலைப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும். 2 மணிக்கு ஒருமுறை 200 மி.லி. கொடுத்தால் அவர் நாள் முழுக்கச் சாய்ந்தேதான் இருப்பார், கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருப்பார். சறுக்கும்போது இடுப்பின் பின்புறத் திசு முறுக்கிக் கிழிபடும். இதைச் செவிலியர் மட்டும் தீர்க்க முடியாது. மருத்துவரும் உணவியல் நிபுணரும் உட்கார்ந்து, வயிறு தாங்குமானால் இடைவெளியை 3 மணியாக்கி அளவைக் கூட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வேறு காரணம் இல்லாதவரை உயரம் 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். முழங்கால் பகுதியை முதலில் உயர்த்திவிட்டுப் பிறகு தலையை உயர்த்தினால் சறுக்கல் குறையும். 30 டிகிரி எது என்பது கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் கோணம் அளந்து, கட்டில் சட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். தலையை உயர்த்தியதும் நோயாளியின் முதுகை ஒருமுறை மெத்தையிலிருந்து பிரித்து விட்டால் இழுபட்ட தோல் தளரும். 30 டிகிரி பக்கச் சாய்விலும் தலைப்பகுதியை உயர்த்தி ஃபீடிங் கொடுக்கலாம் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

ஏர்பெட் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்ற நினைப்பு வார்டில் இருந்தால் இன்றே கலையுங்கள். மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்க கையை விட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கும் உடலுக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது நசுங்காத காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. நோயாளியின் எடைக்கு ஏற்பப் பம்ப்பின் குமிழைத் திருப்புங்கள். அதன் மேல் ஒரு மெல்லிய விரிப்பு மட்டும். மெக்கின்டாஷ் என்ற ரப்பர் விரிப்பு, மடித்த பெட்ஷீட், அதன் மேல் டயப்பர் என்று அடுக்கினால் காற்று ஏறி இறங்குவது தோலுக்கு எட்டாது. மின்சாரம் போனால் எந்தச் சுவிட்சில் ஜெனரேட்டர் வருகிறது என்பது இரவுப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடாத இரண்டு பம்ப்பையும் தேதி போட்டு எழுத்தில் பயோமெடிக்கல் பிரிவுக்கு அனுப்புங்கள். இருக்கும் மூன்றும் செல்வாக்குள்ளவருக்குப் போகக் கூடாது, மிகக் குறைந்த மதிப்பெண் உள்ளவருக்குப் போக வேண்டும்.

முதுகு பராமரிப்பு என்ற பெயரில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். பவுடர் வியர்வையோடு கட்டிதட்டி உரசும். சிவந்த எலும்பு முனையைத் தேய்ப்பது, ஏற்கெனவே நசுங்கிய திசுவை மேலும் நசுக்குவது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். வளையம் தன் விளிம்பில் அழுத்தி உள்வட்டத்துக்கு இரத்தம் வராமல் செய்துவிடும். இவற்றைப் பாசத்தோடு செய்த மூத்த செவிலியர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர்களுக்கு அப்படித்தான் கற்றுத்தரப்பட்டது.

ஈரத்துக்கு: திருப்பும்போதெல்லாம் டயப்பரைப் பாருங்கள். காரமான சோப்பு வேண்டாம், மென்மையான சுத்திகரிப்பான் அல்லது வெதுவெதுப்பான நீர், ஒற்றி எடுங்கள், பிறகு துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லியதாக. அடுத்த முறை களிம்பை முழுதாகச் சுரண்ட வேண்டாம், அழுக்கான மேல் படலம் மட்டும் போதும். மலம், சிறுநீரால் வெந்த தோல் மடிப்புகளில் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். அழுத்தப் புண் எலும்பின் மேல் வரம்பு கட்டி நிற்கும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் உங்கள் எண்ணிக்கையும் கெடும், சிகிச்சையும் கெடும். மூக்கு ஓரப் புண்ணுக்குத் தினமும் பிளாஸ்திரியை மாற்றி, டியூப் மூக்கின் விளிம்பை மேல்நோக்கி அழுத்தாமல் கீழே தொங்கும்படி ஒட்டினாலே போதும். ஆக்சிஜன் குழாய் ஏறும் காதுமடலையும், விரலில் மாட்டும் கருவியையும் மறக்க வேண்டாம்.

உணவைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஆபத்துள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.25 முதல் 1.5 கிராம் புரதமும் 30 முதல் 35 கிலோ கலோரியும் வேண்டும். 60 கிலோ மனிதருக்கு 75 முதல் 90 கிராம் புரதம். ஒரு லிட்டர் பால் சுமார் 32, இரண்டு அவித்த முட்டை 12, 50 கிராம் பொட்டுக்கடலை மாவு 10, இரண்டு கப் வேகவைத்த பருப்பு 14. இவ்வளவு கொடுத்தும் 68தான். அரிசிக் கஞ்சியிலேயே காலம் தள்ளும் நோயாளியின் தோல் எப்படித் தாங்கும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கு என்று நிறுத்திய ஃபீடிங் மாலை வரை தொடங்கப்படாமல் கிடப்பதை யார் கவனிப்பது என்பதும் முடிவாக வேண்டும்.

ஆக, இது தனி ஒருவர் சுமக்கும் வேலை அல்ல. நீங்கள், ஒரு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உணவியல் நிபுணர், பணியாளர்களில் ஒருவர் என ஐந்து பேர், வாரம் ஒருநாள் 20 நிமிடம், படுக்கை அருகிலேயே நின்று பேசுங்கள். காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு ஆபத்துள்ள நோயாளிக்கும் மருத்துவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "தோல் எப்படி இருக்கிறது?" அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் அதற்கு முன் யாராவது திருப்பிப் பார்த்திருப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரமும் திருப்பும் நேரமும் ஒன்றாகட்டும். அவர் நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் படுக்கைக்குத் திரும்ப வைப்பது யார் என்று பெயர் குறியுங்கள். இரவுச் சுற்றுக்கு இரண்டு செவிலியர் வேண்டாம், ஒரு செவிலியரும் ஒரு பணியாளரும் போதும். இரவு 10 மணி மருந்தோடு ஒரு சுற்று, அதிகாலை உடல் துடைப்போடு ஒரு சுற்று என்று இருக்கிற வேலையோடு சேர்த்தால் நடை மிச்சம்.

உடன் இருக்கும் உறவினரிடம், "நீங்க திருப்பாட்டி புண்ணு வந்துரும்" என்று மிரட்டாதீர்கள். ஆண்கள் வார்டில் பெரும்பாலும் தனியாக இருப்பது மனைவிதான், 70 கிலோ கணவரைத் தனியே அவரால் திருப்ப முடியாது. சேர்ந்த அன்றே 10 நிமிடம் ஒதுக்கி, குதிகாலைத் தூக்கி வைப்பது, டயப்பர் நனைந்ததைச் சொல்வது, தோலில் நிற மாற்றம் கண்டால் கூப்பிடுவது ஆகிய மூன்றை மட்டும் செய்து காட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். பொறுப்பு உங்களுடையது, அவர் கூடுதல் கண்.

அட்டையை நர்ஸ் மேசையிலிருந்து கட்டில் காலடிக்கு மாற்றுங்கள். 'திருப்பப்பட்டது' என்ற டிக் வேண்டாம். நேரம், எந்தப் பக்கம், தோலின் நிலை, யார் என்று நான்கு கட்டம். விடுபட்டால் வெற்றாகவே விட்டு, காரணத்தை ஒரு சொல்லில் எழுதச் சொல்லுங்கள்: 'ஆள் இல்லை', 'ஸ்கேன்', 'மறுத்தார்'. அந்த வெற்றுக் கட்டத்துக்கு யாரையும் திட்டக் கூடாது. ஒரு மாத வெற்றிடங்களைக் கூட்டிப் பார்த்தால் எந்த மணியில் ஆள் போதவில்லை என்று கையில் ஆதாரம் இருக்கும்.

மெமோவுக்கு வருகிறேன். ஏழு பேருக்கும் சேர்க்கை நாள், மதிப்பெண், புண் தெரிந்த நாள், அதற்கு மூன்று நாள் முன் இருந்த இடம், படுத்திருந்த மெத்தை என்று ஒரு பக்க அட்டவணை இணையுங்கள். மேலே நான் போட்ட 216 நிமிடக் கணக்கை உங்கள் சொந்த எண்ணிக்கையோடு எழுதுங்கள், பம்ப் பழுதான தேதியையும். வீதத்தையும் சொல்லுங்கள்: வார்டு நிறைந்தே இருந்தது என்றால் 34 படுக்கை, 90 நாள், 3,060 நோயாளி நாட்கள்; 7 புண் என்றால் 1,000 நாளுக்கு 2.3. இப்படித்தான் தர மதிப்பீட்டில் கேட்பார்கள், மாதா மாதம் ஒப்பிடவும் இதுதான் உதவும். இன்னொன்றையும் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்ட்டும் டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கினால், இதுவரை யாரும் எண்ணாத, தோல் உடையாத முதல் நிலைப் புண்கள் கணக்கில் ஏறும், முதல் இரண்டு, மூன்று மாதம் எண்ணிக்கை உயரும். அப்போது இன்னொரு மெமோ வந்தால் உங்கள் செவிலியர்கள் மறுபடி மறைக்கத் தொடங்குவார்கள். அதனால் முதல் நிலையைத் தனியாகவும், தோல் உடைந்த இரண்டாம் நிலை முதல் மேற்பட்டவற்றைத் தனியாகவும் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். இறங்க வேண்டியது அந்த இரண்டாவது எண்.